படையலில் ஒரு கிளாஸ் அமரோனே

சென்ற ஞாயிறு என் வீட்டில் ஒரு சிறிய வாக்குவாதம். மனைவி இறந்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலையில் படைத்து, அவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது நம் வழக்கம். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குப் பக்கத்தில் நான் ஒரு கிளாஸ் சிவப்பு வைனை வைத்தேன்.

“அத்தான், உதென்ன?” என்றாள் மலர். மனைவியின் தங்கை, பக்கத்து நகரமான விட்பியிலிருந்து வந்து சமையலை ஏற்றிருந்தவள்.

“உம்மடை அக்காவின்ரை வைன்.”

“சனம் அங்கை முகாமிலை கஞ்சிக்கு நிக்குது. இஞ்சை வைனோ? அதுவும் ஒரு பொம்பிளைக்கு!”

“உம்மடை ஐயாவின்ரை எட்டுக்குச் சாராயம் வைச்சனாங்கள்தானே?” என்றார் அவள் கணவர் சிவம்.

“அவர் ஆம்பிளை. நீங்கள் சும்மா இருங்கோ.”

“என்ரை எட்டுக்கு ரெண்டு போத்தல் வையும்.”

“உங்களுக்குப் பச்சைத்தண்ணிதான்!”

மலர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊரில் சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்த அதே வாரம் என் மனைவி போனாள். ஊரே அழும்போது ஒருவன் தன் ஒற்றை இழப்பை எங்கே இறக்கி வைப்பது?

ஆனாலும்... “அமைதியானவ, கோயிலும் வீடுமாய் இருந்தவ” என்று செத்தவீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பொய்யில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல, நான் அறிந்த பெண் மெல்லக் கரைந்துகொண்டிருந்தாள். அவளுடையதென்று ஒன்றாவது அந்த இலையருகே இருக்க வேண்டும்.

அவள் வேலை செய்த இத்தாலியரின் மேசை நாற்காலி விற்கும் தளபாடக் கடையில் நத்தாருக்கு நத்தார், கிறிஸ்துமஸ் பரிசாக, ஓர் அமரோனே போத்தல் கொடுப்பார்கள். திராட்சையை உடனே பிழியாமல், மாதக்கணக்கில் உலரவைத்துச் செய்கிற வைன். பெயருக்கே பெருங்கசப்பு என்றுதான் பொருள். பல வருடங்கள் யாருக்காவது கொடுத்துவிட்டோம். ஒரு பனிக்காலம் அவளே திறந்தாள். முதலில் உலர்ந்த செர்ரி; பிறகு திராட்சை வற்றல், கறுவாப்பட்டை; முடிவில், கடுங்கோப்பிபோல் நாவில் நெடுநேரம் தங்கும் கசப்பு.

“ஒடியல் மாதிரி... காய்ஞ்சால்தான் குணம்” என்றாள், பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்யும் ஒடியலை நினைத்து.

புளிவிட்ட மீன்குழம்போடு குடித்தோம் — வாயெல்லாம் இரும்புச் சுவை. உறைப்பான நண்டுக்கறியோடு — நெருப்பு. கடைசியில் மிளகாய்த்தூளைக் குறைத்து, மிளகும் கறுவாவும் கூட்டி, கொழுப்புள்ள ஆட்டிறைச்சியைச் சுண்டப் பிரட்டினாள். கொழுப்பு கசப்பைத் தடவிக்கொடுத்தது. அதன்பின் எப்போதாவது ஒரு சனிக்கிழமை, ஒரு கிளாஸ். கண்களை மூடிக்கொள்வாள். வெளியே பனி இறங்கும். அந்த அரைமணி நேரம் எங்கே போய்வருகிறாள் என்று நான் கேட்டதில்லை.

“சரி, வையுங்கோ” என்று மலர் இறங்கிவந்தாள். “ஆனால் சில்வர் கப்பிலை ஊத்துங்கோ. வாற ஆக்கள் சோடா எண்டு நினைப்பினம்.”

“அவ கிளாஸிலைதான் குடிக்கிறவ.”

மலர் என்னைப் பார்த்தாள். பிறகு விளக்கைத் தூண்டிவிட்டாள்.

கதவைச் சாத்தினோம். காலையிலேயே திறந்து காற்றாட விட்டிருந்த வைனின் மணம், கதவிடுக்கு வழியே வந்து எங்களிடையே உலாவியது. உள்ளே யாரோ அவசரமின்றி உண்டுகொண்டிருப்பதைப் போன்ற நிசப்தம். இவற்றையெல்லாம் நம்புகிறவன் அல்லன் நான். அன்று நம்பினேன்.

“எனக்கேன் அக்கா சொல்லேல்லை?” என்றாள் மலர், மிக மெதுவாக.

“நீர் ஏசுவீர் எண்டு நினைச்சிருப்பா.”

“ஓம், ஏசித்தான் இருப்பன். ஏசிப்போட்டுப் பக்கத்திலை இருந்திருப்பன்.”

கதவைத் திறந்ததும் அவள்தான் முதலில் உள்ளே போனாள். கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

“கசக்குது, அத்தான்.”

“ஒரு துண்டு இறைச்சியை சப்பிப்போட்டுக் குடிச்சுப் பாரும்.”

குடித்தாள். கண்களை மூடினாள்.

அதன்பின் கசப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை — கிளாஸைத் திருப்பித் தரவும் இல்லை.