பேசினுக்குள் இரண்டு வரிப்பூனைகள்

எங்கள் வீட்டுப் பின்வளவில் கம்பிவலை அடித்து ஒரு பூனைக் காப்பகம் வைத்திருந்தேன். காப்பகம் என்பது நான் வைத்த பெயர். சாய்ந்தமருதில் மற்ற எல்லோருக்கும் அது பூனைக்கூடு, நான் பூனைப் பைத்தியம் பிடித்த விசரி. மீன் சந்தையில் சாக்கோடு விட்டுப்போகும் குட்டிகள் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும்.

அதில் இரண்டு சாம்பல் வரிப்பூனைகள், ஒரே வயிற்றுப் பெட்டைகள். அப்படி ஒரு கூச்சம் இப்போது கலியாணப் பெண்களுக்குக்கூடக் கிடையாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பலகைக்கு அடியில் போய்விடும். என்னிடம் மட்டும் வரும். ஒன்று தின்னும்போது மற்றது வாசலைப் பார்த்துக்கொண்டு காவல் இருக்கும். பிறகு முறை மாறும். தூங்குவது ஓட்டை விழுந்த ஒரு பழைய பேசினுக்குள், எது யாருடைய வால் என்று தெரியாதபடி.

பூனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கால்வரை தொங்கும் கறுப்பு அபாயாவோடு வருவார்கள், பிடித்ததைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்த இரண்டின் தாயும் கூடப்பிறந்ததுகளும் அப்படித்தான் போயின. ஒளிந்து கிடக்கும் பூனையை யார் கேட்பார்கள்? இவை மிஞ்சின. நான் வெளியே போய் வந்தால் அபாயாவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பின்னுக்குப் போவேன். கறுப்புத் துணியில் பூனை முடி ஒட்டினால் இலேசில் போகாது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று நான் நின்றதால் வீடு தங்கைக்கு எழுதியாயிற்று. வந்த மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. பூனை முடி பட்டால் மட்டும் இழுப்பு வந்துவிடும். புது மாப்பிள்ளையிடம் போய், மூச்சைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள் என்றா சொல்வது?

"இரிக்கிற பூனையள எங்கயாவது குடுத்துடு மகள்," என்றார் உம்மா. "மாப்பிள்ளைக்கு ஏலாம இரிக்கி."

கோமாரி என்ற ஊரில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் பெரிய காப்பகம் ஒன்று இருந்தது. இரண்டையும் பிரிக்காமல் எடுக்கச் சம்மதித்தார்கள். பேசினோடு அனுப்பினேன். சில நாளில் அங்கே குடும்பத்தோடு தங்கிப் பொறுப்பாக இருந்த அண்ணன் ஒருவர் போனில் கதைத்தார்.

"ரெண்டும் ஒண்டும் தின்னுதில்ல தங்கச்சி. மாட்டு டொக்டர் வந்து ஊசி போட்டவர். இனியும் தின்னாட்டித் தப்பாது எண்டு சொல்றார். நீங்க வந்தாத் தின்னும் எண்டு நினைக்கன்."

சூடை மீனை அவித்துச் சோற்றில் பிசைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூண்டுக்குள் போய் வழக்கம்போல நாக்கைத் தட்டிக் கூப்பிட்டதும் பேசினிலிருந்து இரண்டு தலைகள் நிமிர்ந்தன. எலும்பும் தோலுமாக இருந்தன. ஒன்று எழுந்து என் பக்கம் நடக்கத் தொடங்கியது. பிறகு என்னைப் பார்த்தது. அவ்வளவுதான், இரண்டும் பலகை இடுக்குக்குள் புகுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டன. கெஞ்சினேன், ஏசினேன், அழுதேன். கொடுத்துவிட்டேன் என்ற கோபமாக்கும் என்று நினைத்துச் சோற்றை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பஸ்ஸில் அபாயாக் கையால் கண்ணைத் துடைத்தேன். சுத்தமான கறுப்பு, ஒரு முடிகூட இல்லை. அக்கரைப்பற்றைத் தாண்டும்போதுதான் உறைத்தது: இந்த உடுப்பில் அவை என்னை ஒருநாளும் கண்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், வீட்டில் உடுக்கும் பூப்போட்ட சட்டையை மடித்துப் பையில் வைத்தேன். அந்த அண்ணனின் மனைவியிடம் கேட்டால் மாற்றிக்கொள்ள ஓர் அறை தருவார். இரண்டும் பிழைத்துவிடும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

விடிந்ததும் போன் வந்தது.

"ஒண்டு செத்துப் போயிட்டு தங்கச்சி. மற்றது பேசினுக்குள்ள அதோட ஒட்டிக்கொண்டு கிடக்கு. எடுக்க விடுதில்ல."

பூப்போட்ட சட்டையோடு கூண்டுக்குள் போனேன். மிஞ்சியதற்கு என்னைத் தெரிந்தது. தள்ளாடி வந்து என் காலில் தலையை உரசியது, நான் வைத்த சோற்றை முகர்ந்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பிக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டது. பேசினுக்குள் கிடந்தது முதலில் தின்று முடிக்க வேண்டும்.