அக்காவுக்கு எடுத்துக் கொடுத்த கையுறை

ரத்த அழுத்தம் பார்க்கக் கொடுப்பதுபோல உள்ளங்கை மேலே தெரிய, அக்கா கவுண்டரின் மேல் கையை நீட்டினாள். "இருக்கதுலயே மெல்லிசா ஒண்ணு எடுலே," என்றாள். துபாயில் ஒரு பெரிய மாலுக்குள் கட்டியிருந்த பனிக்கூடத்தில் அப்போது எனக்கு வேலை. வெளியே ஜூலை மாத வெயில். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே. ஜாக்கெட், பூட்ஸ், பனிச்சறுக்குப் பலகை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், கையுறை மட்டும் விலைக்குத்தான். வருகிறவர்களின் கையைப் பார்த்து அளவு சொல்வதை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். பலகையில் பழகுகிறவர்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றித்தான் எழுவார்கள், மெல்லிய கம்பளிக் கையுறை அரைமணி நேரத்தில் நனைந்து விறைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அக்கா கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

அத்தான் இறந்து அப்போது ஐந்து வாரம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் டெக்னீசியனாக இருந்தார். வியாழக்கிழமை டூட்டி முடிந்து பஸ் பிடித்து ஷார்ஜாவில் இருந்த அக்காவின் அறைக்கு வருவார், சனிக்கிழமை விடியும் முன்னே திரும்பிவிடுவார். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தங்கியிருந்த கேம்ப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை. அக்காதான் உடலோடு ஊருக்குப் போனாள், கடற்கரைக் கோவில் கல்லறையில் அடக்கம் முடித்தாள், லீவு முடிந்ததும் தனியாக விமானம் ஏறி வந்து மறுநாளே ஆஸ்பத்திரி வார்டில் டூட்டிக்கு நின்றாள். அவள் அழுததை ஊரிலும் யாரும் பார்க்கவில்லை, இங்கும் நான் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்றால் "ஆமா" என்பாள். என்ன சாப்பிட்டாய் என்றால் கொஞ்சம் யோசிப்பாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்றுதான் எனக்குக் கிடைத்த இலவசப் பாஸை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போனாள், பலகை கேட்டாள், பிலிப்பைன்ஸ்காரப் பயிற்சியாளன் நடத்தும் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். முப்பத்தாறு வயது, பனியைக் கண்ணால் கண்டிராத கடற்கரைக்காரி. விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள். பிள்ளைகள் விழுந்தால் சிரிப்பார்கள் அல்லது அழுவார்கள். அக்காவின் முகத்தில் இரண்டும் இல்லை. டூட்டியில் படுக்கை விரிப்பை மாற்றுவதுபோல ஒரு வேலையாகவே விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். அடுத்த வெள்ளியும் வந்தாள், அதற்கடுத்ததும். நல்ல கையுறையாக மாற்றித் தருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். "எதுக்குலே, இது போதும்," என்பதற்கு மேல் அவள் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அந்த நாட்களில் அவள் எதையாவது கேட்கிறாள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆறாவது வெள்ளியன்று வகுப்பு முடிந்து வந்தவள் நனைந்த கையுறையை உருவிப் போட்டுவிட்டு இடது கையை என் முன்னால் வைத்தாள். மூன்று விரல் நுனிகள் மெழுகுபோல வெளுத்திருந்தன. ஜாக்கெட்டில் அடையாளச் சீட்டைக் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஒரு நுனியில் அழுத்தினாள்.

"பாரு. ஒண்ணுமே தெரியல."

"அக்கா, நீ நர்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்லே," என்றாள், கையையே பார்த்தபடி. அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஸ்டாஃப் ரூமில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து அவள் கையை முக்கிப் பிடித்துக்கொண்டேன். உணர்வு திரும்பும்போது எரியும், பல்லைக் கடிக்க வைக்கும் எரிச்சல் அது, எனக்கு அனுபவம் உண்டு. இப்போது அழுவாள் என்று காத்திருந்தேன். "வலிக்கி," என்று மட்டும் சொன்னாள், காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வதுபோல. அழுதது நான்தான். அவள் வலது கையால் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

நான்கு நாள் கழித்து போன் செய்தாள். அவள் வார்டில் ஊசிக்கு நரம்பு கிடைக்காத குழந்தை என்றால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். இடது கை விரலால் தடவிப் பார்ப்பாள், ஒரே குத்து, முடிந்தது. அன்றைக்கு ஒரு எட்டு மாதக் குழந்தை. விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருந்தது, எதுவும் தட்டுப்படவில்லை. "மூணு தடவ குத்திட்டேன்லே. தாய்க்காரி என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கா. பொறவு கூட இருந்த மலையாளத்து நர்சக் கூப்பிட்டுக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன்." போனை வைக்கும் முன் சொன்னாள், "பிள்ளைக்கு என்ன தெரியும், பாவம்."

அடுத்த வெள்ளி வந்தபோது அவளே கேட்டாள், "நல்லதா ஒண்ணு எடு." அலமாரியில் இருந்த அத்தனையையும் கவுண்டரில் பரப்பினேன். நான்கு விரலும் ஒரே பைக்குள் போகிறதுதான் கதகதப்பு, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்ததாக இருந்தால்தான் பலகையின் விளிம்பைப் பிடிக்கும்போது கிழியாது. உள்ளுறை தனியாகக் கழற்றிக் காயவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டி ஜாக்கெட் கையின் மேல் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விழும்போது பனி உள்ளே புகுந்துவிடும். இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, நுனியில் கொஞ்சம் இடம் வேண்டும். வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் முறை ஒப்பித்ததை அன்றைக்குத்தான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றையும் போட்டு, விரலை மடக்கி விரித்துப் பார்த்தாள். தையலை வெளியே திருப்பி இழுத்துப் பார்த்தாள். கடைசியில் அழகே இல்லாத, தடித்த, கறுப்பு ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

அன்று எனக்கு மதியத்தோடு டூட்டி முடிந்தது. மேலே போகும் நாற்காலி லிஃப்ட்டில் அவளோடு நானும் ஏறினேன். எனக்குச் சறுக்கத் தெரியாது. அதே நாற்காலியில் திரும்பி இறங்கிக்கொள்ள, லிஃப்டை ஓட்டும் நேபாளி பாய் விடுவார். பாதி தூரம் போனபின், அந்தப் பெரிய கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பேசினாள்.

"அந்தச் செவ்வாக்கெழம அவிய போன் பண்ணுனாவ. பாக்கெட்டுக்குள்ள போன் அடிக்கது எனக்குத் தெரிஞ்சுது. கையில கிளவுஸ் போட்டுருந்தேன். ஒரு பேஷண்டுக்கு டிரிப் போட்டுட்டு இருந்தேன். டூட்டி முடிஞ்சா சும்மா கூப்பிடுவாவல்லா, முடிச்சுட்டு எடுப்போம்னு விட்டுட்டேன். பத்து நிமிசம் இருக்கும். திரும்பிக் கூப்பிட்டா அவியகூட ரூம்ல இருந்தவரு எடுக்காரு."

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் காலுக்குக் கீழே யாரோ ஒரு அரபிக் குழந்தை விழுந்து, தகப்பன் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். நீ எடுத்திருந்தாலும் ஷார்ஜாவிலிருந்து என்ன செய்திருக்க முடியும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவள் வருடக்கணக்காக ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், என்னைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அதற்குள் உச்சி வந்துவிட்டது. அக்கா பலகையைத் தரையில் தட்டி வைத்து இறங்கினாள், பட்டையை மாட்டினாள், போய்விட்டாள். நான் அதே நாற்காலியில் தனியாகக் கீழே வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் அவள் விழுந்து எழுவதை மேலிருந்து பார்த்தேன்.

விரல்களுக்கு உணர்வு திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. குழந்தைகள் வார்டில் மறுபடியும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். குளிர்காலம் தொடங்கியதும் பனிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள், காரணம் சொல்லவில்லை. இப்போது இருவருமே ஊரில் இருக்கிறோம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நான் எப்போது போன் செய்தாலும் அக்கா முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். மீன் கழுவிக்கொண்டிருந்தாலும், மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் ஈரக் கையோடு எடுக்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரியும். "சொல்லுலே, என்ன?" என்று அவசரமாகக் கேட்கிறாள். பெரும்பாலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.