முக்காடு போட்ட படம்

குழந்தைகளே, தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்காக நிற்கிறேன். பக்கத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி. பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டியவள், ஆபீஸ் கூட்டத்தில் ஏற முடியாமல் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டாள்.

பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் ஒரு தகரப் பலகை. முக்காடு போட்ட பெண்ணின் தலை மட்டும் வரைந்திருக்கிறது. அங்கே கூட்டமே இல்லை.

"அதுல ஏறலாமேம்மா?"

"இன்னா சார், புள்ளத்தாச்சி போயி தாலியறுத்தவங்க பொட்டியில ஏறுவனா?"

"ஐயோ, வடக்கே எல்லாப் பெண்களும் முக்காடு போடுவாங்கம்மா. அது பொம்பளைங்க பெட்டி, அவ்வளவுதான்."

"மெய்யாலுமா? இம்மா நேரம் நின்னுகினு கீறேனே, பேஜாரு!"

வண்டி வருகிறது. சிரித்துக்கொண்டே ஏறி உட்காருகிறாள். எனக்குத்தான் மற்றப் பெட்டிகளில் இடமில்லை.

வண்டி போய்விட்டது. சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பென்சிலை நாக்கில் நனைத்து, படத்துப் பெண்ணின் நெற்றியில் பொட்டு வைக்கிறேன்.