அளவு உடம்பு

ஆண்களுக்கான அந்த மாதப் பத்திரிகையில் அட்டைப்படப் பெண்களைச் 'சரிசெய்வது' கத்திரி அக்காவின் வேலை. கையில் கத்திரி கிடையாது, கம்ப்யூட்டர்தான். இடுப்பை வெட்டுகிற வேகத்தைப் பார்த்து ஆபீஸே வைத்த பெயர் அது. மாமியாரிடம் மட்டும் காலண்டர் கம்பெனியில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். மாமியார் வருஷா வருஷம் காலண்டர் கேட்பார். இவளும் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

என்றைக்கோ ஒரு மாதம் பத்திரிகை சுடச்சுட விற்றுத் தீர்ந்தது. அந்த அட்டையில் இருந்தவளின் உடம்பை ஆசிரியர் 'அளவு உடம்பு' ஆக்கிவிட்டார், தையல்காரரிடம் கொடுக்கிற அளவுச் சட்டை மாதிரி. அவள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எவள் வந்தாலும் அவள் படத்துக்கு அடியில் அதை வைத்து, வெளியே தெரிவதையெல்லாம் வெட்ட வேண்டும். முகத்தைத் தனியாக மெருகேற்ற வேண்டும். கடைசியில் அடியில் இருக்கிற அளவு உடம்பை மறைத்துவிட்டு, வெட்டிய படத்தை மட்டும் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

ஒருமுறை ஒரு பெண்ணுக்கு ஆறு விரல் வைத்து அனுப்பிவிட்டாள். "இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நேரா வீட்டுக்குப் போயிடு" என்றார் ஆசிரியர். வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

இந்த லட்சணத்தில்தான் நீச்சல் வீராங்கனையின் படம் வந்தது. தங்கப் பதக்கம் வாங்கியவள். பேட்டி பதக்கத்தைப் பற்றி, படம் வழக்கம்போல உடம்பைப் பற்றி. அவசரத்தில் அக்கா அளவு உடம்பை மறைப்பதற்குப் பதிலாக வீராங்கனையின் உடம்பை மறைத்து அனுப்பிவிட்டாள். இதழ் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. தலை வீராங்கனையுடையது, மற்றதெல்லாம் அந்தப் பெயர் தெரியாதவளுடையது!

தொலைந்தோம் என்று காத்திருந்தாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆசிரியர் அட்டையைச் சுவரில் ஒட்டி, "ஸ்விம்மர்னா ஸ்விம்மர்தான், என்னா தோளு!" என்று சிலாகித்தார். அதே தோளைத்தான் மனுஷன் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசகர்களும் எழுதித் தள்ளினார்கள். அக்காவுக்கு உயிர் வந்தது, சிரிப்பும் வந்தது.

அடுத்த வாரம் வீராங்கனையே வந்து நின்றாள். வாசலைவிடக் கொஞ்சம்தான் அகலம் குறைவு.

"இது யாரு சார்?" என்று கையிலிருந்த இதழின் அட்டையைக் காட்டினாள்.

"நீங்கதான் மேடம். சூப்பரா வந்திருக்கு."

"சின்ன வயசுலேர்ந்து தண்ணியிலயே கிடந்து வளர்த்த தோள் சார் இது. இதுலதான் ஜெயிச்சேன். இதை எங்க போட்டீங்க?"

ஆசிரியர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்கா தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது.

"அது உங்க உடம்பே இல்லம்மா. நான்தான் தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடும்மா" என்றாள்.

வீராங்கனை இதழை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, திட்டுக்காக நின்றாள்.

ஆசிரியர் இதழைத் திருப்பி அட்டையை நெடுநேரம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏம்மா, யாருக்குமே தெரியலையே! இனிமே எல்லாருக்கும் இந்த உடம்பையே வச்சு, தலையை மட்டும் மாத்திடு. உனக்கும் வேலை மிச்சம்."

வேலை தப்பியது. போயிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு முதல்முறையாகத் தோன்றியது.