மூன்று பனையில் ஒரு மீன்

பழவேற்காட்டுக் கோட்டைக்கு ஒல்லாந்துக்காரர்கள் மதில் பூசிக்கொண்டிருந்த வருஷம், புரட்டாசிக் கடைசி. கோட்டைச் சமையற்கட்டுக்கு நண்டு கொடுக்கப் போயிருந்தேன். நடைக்கு நடுவே ஒரு பெரிய தாழி இருந்தது. சுவரோரமாக ஒதுங்கி அதைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்னால் ஒரே சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் தாழியைக் காணோம். தரையில் கோணல்மாணலாக ஏதோ வண்ணம் இழுத்துவிட்டிருந்தது.

சிரித்தவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். மீனவர் வீட்டில் பிறந்தும் தோணியில் ஏறினால் குடலே வெளியே வருகிறாற்போல வாந்தி எடுப்பான். அதனால் துணியில் சித்திரம் எழுதுகிறவர்களிடம் வேலைக்குப் போய்விட்டான். தாழியை வரைந்தவர் ஒல்லாந்துக்காரர் ஒருவர். இவன் வண்ணம் குழைத்துக் கொடுத்தவன். வாசலில் ஒரே ஓர் இடத்தில் நின்று பார்த்தால்தான் அது தாழி, கொஞ்சம் நகர்ந்தாலும் வெறும் கிறுக்கல் என்று விளக்கினான்.

எனக்கு வந்த கோபம் அப்படியே யோசனையாக மாறியது. மழை வந்தால் எங்கள் ஏரியின் முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிவிடும். கடலிலிருந்து வரும் தோணியைச் சரியான இடத்தில் திருப்பாவிட்டால் திட்டில் மோதிக் கவிழும். முந்தின வருஷம் என் அண்ணனை அப்படித்தான் பறிகொடுத்தோம். அதிலிருந்து என் மனைவி என்னைக் கடலுக்கு விடவில்லை. ஏரியில் கையால் இறால் தடவிக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

"ஒரே எடத்துலதான் தெரியும்னா, தோணிய திருப்புற எடத்துக்கு ஒண்ணு எழுதிக் குடுறா" என்றேன்.

அக்காவுக்காக ஒப்புக்கொண்டான். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பனை. அலை ஓய்ந்த ஒரு காலையில், கழியால் ஆழம் பார்த்து, திருப்ப வேண்டிய இடத்தில் தோணியைக் கட்டிப்போட்டேன். அவன் தோணியில் உட்கார்ந்து கை காட்ட, கரையில் என் தம்பி பனைகளில் சுண்ணாம்பு பூசினான். முன் பனையில் தலை, நடுவில் வயிறு, பின் பனையில் வால். நானும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முழு மீன், வெள்ளை வெளேரென்று! "போய்ட்டு வா" என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நானும் தம்பியும் நல்ல மீனோடு திரும்பிக்கொண்டிருந்தோம். அலை ஆளுயரம். முன்னால் தம்பி துடுப்பு வலிக்க, பின்பக்கம் நின்று நான் திருப்புகிற துடுப்பைப் பிடித்திருந்தேன். இங்கேதான் இருக்க வேண்டும் என்று தோணியை நிதானித்தால், மீனின் தலை ஒரு பக்கம் தணிந்து கிடக்கிறது, வால் மேலே தனியாக நிற்கிறது. திட்டில் அலை உடைகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"இன்னாண்ணா, திருப்பலையா?"

"மீன் இன்னும் சேரலடா." இன்னும் தள்ளிப் போடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓர் அலை பக்கவாட்டில் அறைந்து என்னைத் தொப்பென்று உட்கார வைத்தது. நிமிர்ந்தால், மீன் முழுசாக இருந்தது!

ஒன்றும் புரியவில்லை. உட்கார்ந்தபடியே துடுப்பை வளைத்துத் தோணியைத் திருப்பினேன். அடிப்பலகை மணலில் உரசிக்கொண்டு ஏரிக்குள் வந்து விழுந்தோம். உயிர் போய் உயிர் வந்தது.

கரைக்கு ஓடி வந்த மச்சினனை அடிக்கவே கை ஓங்கிவிட்டேன். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

"நீ நின்னுகினா வந்தே மாமா?"

பிறந்ததிலிருந்து தோணியில் நின்றே அறியாதவன் அவன். துணி எழுதுகிற வேலையும் உட்கார்ந்து செய்வதுதான். நின்று ஓட்டுகிற நாங்களும் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. ஓங்கின கையால் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கடல் அடங்கினதும் அவனைத் தோணியில் நிற்க வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் மீனைத் திருத்தி முடித்தான், புண்ணியவான். அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊர்த் தோணி ஒன்றுகூடத் திட்டில் மோதவில்லை. திட்டு நகரும்போதெல்லாம் மீனும் புதுப் பனைகளுக்கு நகர்கிறது.

இப்போதெல்லாம் யார் செய்த வேலையாவது என் கண்ணுக்கு உடைந்து தெரிந்தால், குறை சொல்லும் முன்னே, அவர் எங்கே உட்கார்ந்து அதைச் செய்தாரோ அங்கே நானும் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.