அமலோற்பவம் எடுத்த சுருதி

பிரிட்டோ வடக்கனந்தல்காரன். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துச் சம்பாதிப்பான். சம்பாதித்ததை வைத்து ஜாஸ் வாசிப்பான். ஜாஸ் என்றால் என்னவென்று கேட்டேன்.

"ஒரு மெட்டு இருக்கும், கண்ணகிம்மா. அத வச்சிக்கினு அன்னிக்கு மனசுல தோணுறத வாசிக்கணும்."

"அப்ப தெனமும் வேற மாதிரி வருமா?"

"வரணும்."

"உங்கம்மா வக்கிற கொழம்பு மாதிரின்னு சொல்லு."

"எங் கொழம்பு என்னிக்கும் ஒரே மாதிரிதான்டி," என்று கட்டிலிலிருந்து அமலோற்பவம் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினார்.

நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வது என் தொழில். அதற்குப் பயிற்சி எடுத்தவள். அக்காவைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே போனேன். வெள்ளிமலைப் பள்ளி விடுதியில் முக்கால் ஆயுள் விறகடுப்பில் சமைத்தவர், நுரையீரல் போய்விட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கட்டிலுக்குக் கீழே மெஷின்.

ஞாயிறுதோறும் மலையிலிருந்து இறங்கி வந்து ஊர் மாதா கோவிலில் பாட்டு எடுத்தவரும் அவர்தான். அந்தக் கோவிலில் கீபோர்டிடம் சுருதி கேட்டுக்கொண்டு யாரும் பாட்டைத் தொடங்குவதில்லை. அக்கா நினைத்த இடத்தில் எடுப்பார். வாசிப்பவர்தான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிரிட்டோ சின்ன வயதில் ஒரு பழைய ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அப்படித்தான் அம்மாவைத் துரத்தினான். எந்தக் கட்டையில், எந்தச் சுருதி உயரத்தில் எடுத்தாலும் இரண்டாவது வரிக்குள் பிடித்துவிடுவானாம்.

பிறகு கீபோர்டு வந்தது. அதில் ஒரு பட்டனை அமுக்கினால் மொத்தச் சுருதியும் ஏறும், இறங்கும். விரல் பழகிய இடத்திலேயே வாசிக்கலாம். பிடிக்க ஓடும் வேலை நின்றது.

அக்கா அடுப்படியில் முனகிய மெட்டு ஒன்றை வைத்து அவன் ஒரு இசை உருப்படி செய்திருந்தான். பியானோ, பேஸ் கிட்டார், டிரம்ஸ், கூடவே வயலின்களும் செல்லோக்களும் சேர்ந்த ஒரு பெரிய குழு. இப்படி எட்டு உருப்படிகள் கொண்ட ஆல்பம். மற்ற ஏழும் பதிவாகிவிட்டன. அக்காவின் மெட்டு மட்டும் பாக்கி. சென்னையில் ஒரு ஹாலையும் பியானோவையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மதியம் அக்காவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையில் கிண்ணம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"கண்ணகிம்மா, தப்பு பண்ணிட்டேன்."

"இன்னா தப்பு? சாப்டியா மொதல்ல?"

சாப்பிடவில்லையாம். தப்பு என்னவென்று சொன்னான். ஆறு கட்டையில் பாடிய அக்காவுக்கு நோய் வந்தபின் குரல் நாலரைக்கு இறங்கிவிட்டது. சாயங்காலங்களில் அம்மா தன்னோடு சேர்ந்து பாடட்டும் என்று, அவன் கீபோர்டைப் பட்டனில் இறக்கி வைத்திருக்கிறான். அப்படியே மறந்துபோய் இந்த மெட்டையும் அதிலேயே பதிந்து சென்னைக்கு அனுப்பியிருக்கிறான். அங்கே காதில் கேட்ட சுருதியிலேயே வயலின்களுக்கு நோட்ஸ் எழுதி அச்சடித்துவிட்டார்கள். இன்று பியானோவில் உட்கார்ந்தால் எல்லோரும் நாலரையில், இவன் விரல் மட்டும் பழகிய ஆறில். பியானோவில் பட்டன் ஏது?

"கீபோர்ட எடுத்துக்கினு போயிருக்கலாம் இல்ல?"

"பியானோ ஆல்பம்மா இது! மாத்தி வாசிக்கிறேன், வரல. வெரல் கணக்குப் போட்டுக்கினே போவுது. உயிரே இல்ல. சாயங்காலத்துக்கு மேல வயலின்காரங்க கெளம்பிடுவாங்க. இத உட்டுட்டுதான் ஆல்பத்த முடிக்கணும்."

பிறகு, "அம்மாவ அந்த மெட்ட எடுக்கச் சொல்றீங்களா? ஒரே ஒரு வாட்டி," என்றான்.

போன மாதம் சளிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து, பாட்டே கூடாது என்று நான்தான் கண்டித்துச் சொல்லியிருந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. முதலில் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினேன். அளவு பரவாயில்லை. தலையணையை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வைத்தேன்.

"மூணு வரி. அதுக்கு மேல ஒரு வார்த்த வந்துச்சு, போன புடுங்கிடுவேன்."

"போலீஸ்காரி," என்றார் அக்கா.

எடுத்தார். குரல் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பாதி காற்றுதான். முதல் வரி முழுக்கப் போனில் சத்தமே இல்லை. இரண்டாவது வரியில் பியானோ ஒரு இடத்தில் தொட்டது, தவறியது, மறுபடி தொட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்துப் பாடினார். அவன் காத்திருந்து கூடவே வந்தான். மூன்றாவது வரியில் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் விரல் கணக்கெல்லாம் போடவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அக்கா நிறுத்தினார். பியானோ நிற்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து, அவர் பாடாத எங்கெங்கோ போயிற்று.

"புட்ச்சிட்டான்," என்றார் அக்கா. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது.

"பேசாதக்கா."

"வேகமா ஓடுறான் பாரு. கடேசில ஓடாதன்னு சொல்லு."

"நீ மொதல்ல மூச்ச வுடு."

முதுகைத் தடவிவிட்டேன். அளவு கொஞ்சம் இறங்கி, கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே வந்தது. போனில் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். டிரம்ஸ் மெதுவாகச் சேர்ந்தது, பின்னால் வயலின்கள் எல்லாம் ஒன்றாக. அந்தச் சின்ன போனுக்குள் அத்தனை பேர் எப்படி அடங்கினார்களோ. கடைசியில் பிரிட்டோ ஓடவில்லை.

அக்கா அதற்குள் தூங்கிவிட்டார். வாயோரம் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்தேன். அவன் போனை அணைக்க மறந்திருந்தான். நானும் அணைக்கவில்லை. சார்ஜர் எடுத்துவந்து மாட்டி, தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.