எக்ஸ்பயர் என்றால் என்ன?

'எக்ஸ்பயர்' - இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு உங்களுக்கு எத்தனை அர்த்தம் தெரியும்? எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், போன ஞாயிறு வரை.

தாராவியில் தோல் பை தைக்கும் மைதீன் என் சிநேகிதர். என் ஆபீஸ் பை அவர் கைவேலை. காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்த்துவிட்டு வரலாமென்று மாட்டுங்காவில் பஸ் ஏறினேன். (டிராமைத்தான் எடுத்துவிட்டார்களே!)

ஆஸ்பத்திரி வாசலில் அவர் தம்பி காதர் நின்றான். விக்ரோலி ஃபாக்டரியில் வேலை செய்கிறவன். கையில் கஞ்சித் தூக்கு, முகத்தில் எரிச்சல்.

"பாருங்க சார், உள்ள விடமாட்டேங்கான். பாஸ் எக்ஸ்பயர் ஆயிட்டாம்."

"யார் சொன்னது?"

"கவுன்ட்டர்ல இருக்க கிளார்க் பாபுதான். அண்ணன் பேரைச் சொன்னேன். 'எக்ஸ்பயர் ஹோ கயா'ன்னான். அப்ப புதுசு போட்டுத் தாங்கன்னு சத்தம் போட்டேன். முறைக்கான். நீங்க இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார், கஞ்சி ஆறிப்போவுது."

ரயில் பாஸ், ஆஸ்பத்திரி பாஸ்... காதருக்குத் தெரிந்த எக்ஸ்பயர் அதுதான். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டே! உள்ளே போய்க் கேட்டேன். நான் பயந்தது சரி. மைதீன் விடியற்காலையிலேயே போய்விட்டார்.

லத்தீன் வழி வந்த சொல் இது. மூச்சை வெளியே விடுவது என்பதுதான் மூல அர்த்தம். அது கடைசி மூச்சாயிற்று. பிறகு கெடு முடிந்த லைசென்ஸ், குத்தகை எல்லாவற்றுக்கும் அதுவே ஆயிற்று. 'டெட்' என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறதாம் - நம் ஆபீஸ்களில் மரியாதைக்கு 'எக்ஸ்பயர்ட்' என்பார்கள்.

அந்த மரியாதையைத் தமிழில் எப்படிச் சொல்ல?

"காதர்... அண்ணன் போயிட்டார்."

"எங்க? வேற வார்டுக்கா?"

'தவறிட்டார்' என்றால் கட்டிலிலிருந்து விழுந்தாரா என்று கேட்பானோ? நாசூக்குப் பார்த்தது போதும்.

"மவுத்தாயிட்டார், காதர்."

அவன் அழவில்லை. தூக்கை மறு கைக்கு மாற்றினான்.

"அந்த ஆள்ட்ட சண்டை போட்டுட்டேனே சார்... புதுசு போட்டுத் தா, புதுசு போட்டுத் தான்னு..."

அதற்குப் பிறகுதான் படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் உடைந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அடக்கம் முடிந்தது. கவுன்ட்டர்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பாவம், அவர் மெதுவாகச் சொல்லத்தான் பார்த்திருக்கிறார்.

ஆனால், அழுவதற்குக்கூட சேதி நமக்குப் புரிகிற பாஷையில் வந்தாக வேண்டியிருக்கிறது.